பார்மலின் நெடி பழகிவிட்டால் ஆபத்து போய்விடுமா?

கேள்வி கேட்டவர் ஒரு தனியார் மருத்துவமனையின் பாத்தாலஜி லேபில், அதாவது திசுக்களை ஆராய்ந்து நோய் கண்டறியும் லேபில், டெக்னீஷியன். அறுவை சிகிச்சையில் எடுத்த திசுக்களைப் பார்மலினிலிருந்து வெளியே எடுப்பது, கிராஸிங் மேசையில் டாக்டர் அவற்றை வெட்டும்போது கூட நின்று உதவுவது, மிச்சத்தை மறுபடி பார்மலினில் போட்டு வைப்பது, இதுதான் அன்றாட வேலை. சேர்ந்த புதிதில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியதாம். இப்போது நெடியே தெரிவதில்லையாம். சீனியர் ஒருவர், "பழகிடும்மா, நாங்க எல்லாம் இருபது வருஷமா இதுலயேதான் கிடக்கிறோம்" என்கிறார். நெட்டில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. கல்யாணமாகி ஒரு வருடம், குழந்தை பற்றி யோசிக்கும் நேரம். பார்மலின் கேன்சர் உண்டாக்குமா, வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்கிறார்.

உண்டாக்குமா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் இருக்கிறது: உண்டாக்கும். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் அறையில் நீங்கள் சுவாசிக்கும் அளவு உங்களை என்ன செய்யும், அந்த அளவை எப்படிக் குறைப்பது என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இதே திசு ஆய்வுப் பிரிவில் (ஹிஸ்டோபாத்தாலஜி) நெடுங்காலம் வேலை பார்த்தவன். லேப் பாதுகாப்புப் பொறுப்பும் கூடவே என் தலையில் விழுந்தது. தொழில்சார் நோய்களுக்கான மருத்துவன் அல்ல. அதனால் உங்கள் உடம்பைப் பற்றி இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உங்கள் அறையைப் பற்றிப் பேசலாம்.

முதலில் அந்தக் கேனில் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். பார்மால்டிஹைடு ஒரு வாயு. அதை எடையில் சுமார் 37 சதவீதம் வரை தண்ணீரில் கரைத்தால் கிடைப்பது பார்மலின். சும்மா விட்டால் வெள்ளையாக உறைந்து அடியில் தங்கிவிடும் என்பதற்காக அதில் 10 முதல் 15 சதவீதம் மெத்தனால் சேர்த்திருப்பார்கள். நாம் ஸ்பெசிமனுக்கு, அதாவது ஆய்வுக்கு வரும் திசுவுக்கு, பயன்படுத்தும் '10 சதவீத பார்மலின்' என்பது இந்தக் கேனில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் அல்லது பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) சேர்த்தது. அதில் உண்மையில் இருப்பது 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பார்மால்டிஹைடு. புதிதாக வருபவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். கேனிலிருந்து ஊற்றுவதும் ஸ்பெசிமன் டப்பாவைத் திறப்பதும் ஒரே அளவு ஆபத்து அல்ல.

இது திசுவைப் பதப்படுத்தும் என்பது தெரியவந்த விதமே நமக்கு ஒரு பாடம். 1893 இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற மருத்துவர் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் விரல்நுனித் தோல் விறைத்துக் கெட்டியாவதைக் கவனித்து, அப்படியானால் திசுவையும் இது கெட்டிப்படுத்துமே என்று யோசித்தார். உலகம் முழுக்க இன்றைய பயாப்சி லேப்கள் நடப்பது அந்த யோசனையின் மேல்தான். பார்மால்டிஹைடு ஒரு புரதத்தின் அமினோ குழுவைப் பிடித்து, பக்கத்துப் புரதத்தோடு ஒரு கார்பன் நீளத்துக்குப் பாலம் போட்டுவிடும். திசு அழுகாமல் அப்படியே நிற்பது அதனால்தான். உயிருள்ள செல்லுக்குள் போனால் டிஎன்ஏவுக்கும் புரதத்துக்கும் நடுவில் அதே பாலத்தைப் போடும். மேசையில் கிடக்கும் திசுவுக்கும் உங்கள் மூக்குக்குள் இருக்கும் திசுவுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் அவ்வளவு எளிதாகக் கரைவதால் சுவாசித்ததில் பெரும்பகுதி நுரையீரல் வரை போகாமல் மூக்கு, தொண்டையின் ஈரத்திலேயே தங்கிவிடுகிறது. கேடு முதலில் அங்கே தெரிவதற்கு அதுதான் காரணம்.

இனி சந்தேகமில்லாமல் தெரிந்தவை. 1980 வாக்கில் அமெரிக்காவில், வேதித்தொழில் நிறுவனங்களின் பணத்திலேயே நடந்த ஒரு நச்சியல் ஆய்வகம் எலிகளை இரண்டு வருடம் பார்மால்டிஹைடு கலந்த காற்றில் வைத்துப் பார்த்தது. ஏறக்குறைய 14 பிபிஎம் அளவில், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 14 பங்கு இருந்த காற்றில், பாதிக்குச் சற்றுக் குறைவான எலிகளுக்கு மூக்கில் புற்று வந்தது. 6 பிபிஎம்முக்குச் சற்றுக் குறைவான அளவில் ஒன்றிரண்டுக்குத்தான் வந்தது. 2 பிபிஎம்மில் வரவில்லை. அளவு ஏறும்போது ஆபத்து நேர்கோட்டில் ஏறாமல், ஒரு கட்டத்துக்குமேல் திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது என்பதுதான் இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது. திசு தொடர்ந்து புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகும் அளவுக்குப் போனால்தான் புற்று பெருகுகிறது. ஆகவே எரிச்சல் வரும் அளவுக்குக் கீழே வைத்துக்கொள்வது வெறும் சௌகரியத்துக்காக மட்டும் அல்ல.

மனிதர்களிடம் கிடைத்த சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை, அதுவரை 'அநேகமாக உண்டாக்கும்' பட்டியலில் இருந்த பார்மால்டிஹைடை 2004 இல் முதல் பிரிவுக்கு, அதாவது 'உண்டாக்கும்' என்று உறுதியானவற்றின் பட்டியலுக்கு, மாற்றியது. காரணமாகக் காட்டப்பட்டது நாசித்தொண்டைப் புற்று. மூக்கின் பின்புறம், தொண்டை தொடங்கும் இடத்தில் வருவது அது. நாகாலாந்து போன்ற வடகிழக்குப் பகுதிகளைத் தவிர இந்தியாவில் அரிதான நோய். அரிதான நோயின் வாய்ப்பு சில மடங்கு கூடினாலும் எண்ணிக்கையில் அது சிறியதாகவே இருக்கும். முதல் பிரிவு என்றதும் பலருக்குப் பயம் வந்துவிடுகிறது. அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டும்தான் சொல்கிறது; பொருள் எவ்வளவு வீரியமானது என்பதைச் சொல்வதில்லை. சிகரெட் புகையும் அதில் இருக்கிறது, பதப்படுத்திய இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

சந்தேகம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் படித்த கட்டுரைகளில் ரத்தப்புற்று என்ற சொல் கட்டாயம் இருந்திருக்கும். அமெரிக்காவில் சவங்களைப் பதப்படுத்தும் தொழிலில் இருந்தவர்களை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஆய்வில், அந்த வேலையில் அதிக வருடம் இருந்தவர்களுக்கு மயலாய்டு வகை ரத்தப்புற்றால் (எலும்பு மஜ்ஜையில் தொடங்குவது) மரணம் அதிகம் என்று தெரிந்தது. அதே ஆண்டு பன்னாட்டு முகமையின் குழு கூடி ரத்தப்புற்றையும் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்தக் குழுவுக்குள்ளேயே ஒருமனதான கருத்து இல்லை. சிறிய பெரும்பான்மையில்தான் முடிவானது. மாற்றுக் கருத்துக்காரர்களின் கேள்வி நியாயமானது: மூக்கில் பட்ட இடத்திலேயே காரியத்தை முடித்துக்கொள்ளும் ஒரு பொருள் எலும்பு மஜ்ஜை வரை எப்படிப் போகும்? நம் உடம்பே வளர்சிதை மாற்றத்தில் பார்மால்டிஹைடு உண்டாக்குகிறது. எல்லோருடைய ரத்தத்திலும் லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் எப்போதும் இருக்கிறது, உண்டாவதை உடம்பு ஒன்றிரண்டு நிமிடத்திலேயே உடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து சுவாசித்தால் ரத்தத்தில் இந்த அளவு கூடுவதாகச் சோதனைகளில் தெரியவில்லை. நாசித்தொண்டைப் புற்றுக்கான சான்றிலும் ஓட்டை உண்டு. அமெரிக்க ஆலைத் தொழிலாளர்கள் 25,000 பேருக்குமேல் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில் அந்தப் புற்றால் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே ஆலையைச் சேர்ந்தவர்கள். அந்த ஊரில் வேறு காரணம் இருந்திருக்குமோ என்று இன்னமும் வாதாடுகிறார்கள். நான் எந்தப் பக்கம் என்றால், நாசித்தொண்டைப் புற்றை உறுதியானதாகவும் ரத்தப்புற்றை மறுக்க முடியாததாகவும் எடுத்துக்கொண்டு அறையைச் சரிசெய்கிற பக்கம். வாதம் முடியட்டும் என்று காத்திருந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவதற்குள் நாம் ரிட்டயர் ஆகிவிடுவோம்.

கேன்சர் பேச்சில் மறந்துபோகிற வேறு சில கேடுகள் உண்டு. லேப் ஊழியர்களிடம் நான் அதிகம் பார்த்தவை அவைதான். கையில் ஒவ்வாமைத் தோலழற்சி: ஒருமுறை உடம்பு பார்மால்டிஹைடை எதிரியாகப் பதிவு செய்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் விரலிடுக்கு வெடிக்கும், பெரும்பாலும் ஆயுசுக்கும் அது போகாது. இந்த ஒவ்வாமை வந்தவர்களுக்குச் சில ஷாம்பு, சில துணிகள்கூட ஒத்துக்கொள்வதில்லை, அவற்றிலும் பார்மால்டிஹைடு வெளிவிடும் பொருள்கள் இருப்பதால். அடுத்தது ஆஸ்துமா. முன்பு இல்லாத இரவு இருமல், திங்கள்கிழமை கூடி விடுமுறையில் குறைகிற இழுப்பு, இவை இருந்தால் சளி என்று தள்ளிவிடாமல் நுரையீரல் மருத்துவரிடம் போய், "பார்மலினில் வேலை பார்க்கிறேன்" என்ற விவரத்தோடு காட்டுங்கள். இதைச் சொல்லாமல் போனால் எல்லோருக்கும் எழுதும் மாத்திரையைத்தான் உங்களுக்கும் எழுதுவார்கள்.

இப்போது சீனியர் சொன்ன 'பழகிடும்' விஷயத்துக்கு வருகிறேன். பழகும் என்பது உண்மைதான். மூக்கின் முகரும் நரம்பு தொடர்ந்து ஒரே வாடையைப் பெற்றால் அதைத் தெரிவிப்பதை நிறுத்திவிடுகிறது. காற்றில் இருப்பது குறைவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு 0.1 முதல் 1 பிபிஎம்முக்குள் எங்கோ நெடி தெரிய ஆரம்பிக்கும், அரை பிபிஎம் வாக்கில் கண் எரியும். ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு சராசரி 0.75 பிபிஎம், எந்த 15 நிமிடத்திலும் 2 பிபிஎம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதே நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சிபாரிசு செய்வதோ 0.016 பிபிஎம், உச்சம் 0.1. ஒரே நாட்டில் இரண்டு அரசு அமைப்புகளுக்கு இடையில் இவ்வளவு இடைவெளி. வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு அரை மணி நேரச் சராசரியாக 0.08 பிபிஎம். நெடி தெரியும் அறை பெரும்பாலும் கடைசி இரண்டு அளவுகளையும் தாண்டியிருக்கும். நெடி தெரியாத அறை தாண்டவில்லை என்று சொல்லவும் முடியாது, உங்கள் மூக்கு ஏற்கெனவே விடுப்பில் போய்விட்டதே. எளிய சோதனை ஒன்று சொல்கிறேன்: வேறு பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரைக் காலையில் கதவைத் திறந்து உள்ளே வரச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்.

இருபது வருடம் இருந்தும் எனக்கு ஒன்றும் இல்லையே என்கிற வாதத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்துமா வந்து வேலையை மாற்றிக்கொண்டு போனவர் அந்த மேசையில் நின்று பேச மாட்டார். மிச்சம் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லாத் தொழிலும் பாதுகாப்பானதுதான்.

அறையைப் பார்க்கலாம். நம் ஊர் லேப்களில் எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் விஷயம் ஏசி. வெயிலுக்குப் பயந்து ஜன்னலை இறுக மூடி ஸ்பிளிட் ஏசி போட்டுவிடுவார்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது. காலையில் திறந்த டப்பாவின் ஆவி சாயங்காலம் வரை அங்கேயே சுற்றும். இரண்டாவது, எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரைக்குக் கீழே, நீங்கள் நிற்கும் பக்கத்துச் சுவரில் மாட்டியிருப்பார்கள். மேசையிலிருந்து கிளம்பும் ஆவி ஃபேனுக்குப் போகும் வழியில் உங்கள் முகத்தைத் தடவிக்கொண்டு போகும். ஃபேன் மேசைக்குப் பின்னால், மேசை மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வந்து, ஸ்பெசிமனைக் கடந்து, சுவர் வழியாக வெளியே போக வேண்டும். வெளியே என்றால் வராண்டாவுக்கு அல்ல. பணம் இருக்கும் இடத்தில் காற்றைக் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ உறிஞ்சும் கிராஸிங் மேசை வாங்கலாம், அதுதான் சரியான தீர்வு. ஆனால் இடம் மாற்றி மாட்டிய சாதாரண ஃபேனே பெரிய வித்தியாசம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டை மேசை விளிம்பில் பிடித்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு தவறு: மைக்ரோபயாலஜியில் சும்மா கிடக்கும் பயோசேஃப்டி கேபினட்டைக் கொண்டுவந்து அதற்குள் பார்மலின் வேலை செய்வது. அதன் ஃபில்டர் கிருமியையும் தூசியையும் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. சாதாரண மாடல்களில் காற்றின் பெரும்பகுதி திரும்ப அறைக்குள்ளேயே வரும். சுத்தமான காற்றை ஒரே திசையில் வீசும் லேமினார் ஃப்ளோ மேசை இன்னும் மோசம், பலவற்றில் காற்று நேராக உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

ஃபேன் எல்லாம் நிர்வாகம் செய்ய வேண்டியது. நாளைக் காலையே நீங்கள் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. ஆவி அதிகமாக எழுவது வெட்டும்போதுதான் என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் உச்சம் தொடுவது பெரிய வாளியிலிருந்து பழைய பார்மலினைச் சிங்க்கில் கவிழ்க்கும்போதும், கேனிலிருந்து கலக்கும்போதும், தரையில் சிந்தியதைத் துடைக்கும்போதும். ஆகவே கலக்கும் வேலையையே ஒழிக்கப் பாருங்கள். கலந்து தயாராக வரும் பஃபர் பார்மலின் கிடைக்கிறது, குழாய் வைத்த கேனில் வாங்கினால் சாய்த்து ஊற்ற வேண்டியதில்லை. பெரிய ஸ்பெசிமன்களை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு எடுங்கள். நன்றாகப் பதப்பட்ட திசுவுக்கு இதனால் கெடுதல் இல்லை, எழும் ஆவி கண்கூடாகக் குறையும். ஒரே நேரத்தில் பத்து டப்பாவைத் திறந்து வரிசையாக வைக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறங்கள். வெட்டி முடித்த துண்டுகள் போடும் குப்பைக்கூடைக்கு மூடி இருக்கிறதா? பார்மலினில் நனைந்த பஞ்சும் திசுவும் நாள் முழுக்கத் திறந்து கிடந்தால் மேசையைவிட அந்தக் கூடை மோசம். ஸ்பெசிமன் அடுக்கி வைக்கும் அலமாரி அறையும் அப்படித்தான்; விரிசல் விட்ட மூடிகளால் அந்த அறைக் காற்று கிராஸிங் அறையைவிடக் கெட்டிருக்கும், அங்கே உட்கார்ந்து ரெஜிஸ்டர் எழுதாதீர்கள், டீ குடிக்காதீர்கள்.

மாஸ்க் பற்றி. சர்ஜிக்கல் மாஸ்க்கும் என்-95ம் துகள்களைத் தடுப்பவை. பார்மால்டிஹைடு வாயு, இரண்டின் வழியாகவும் அப்படியே போகும். மாஸ்க் போட்டதும் நெடி குறைந்த மாதிரி தோன்றினால் அது மனசின் வேலை. வாயுவைத் தடுக்கக் கார்ட்ரிட்ஜ் வைத்த ரப்பர் மாஸ்க் வேண்டும், அதிலும் பார்மால்டிஹைடுக்கு என்று குறிப்பிட்ட கார்ட்ரிட்ஜாக இருக்க வேண்டும். பெயின்ட் அடிப்பவர்கள் வாங்கும் சாதாரணக் கரி கார்ட்ரிட்ஜ் இந்த வாயுவைச் சரியாகப் பிடிக்காது. அதற்கும் ஆயுள் உண்டு, கவரைப் பிரித்து ஆணியில் தொங்கவிட்டால் உபயோகிக்காமலே தீர்ந்துபோகும். என் கருத்தில் அதை அன்றாடம் போட்டு வேலை செய்யும் நிலை வந்தால் அறை தோற்றுவிட்டது என்று அர்த்தம். பெரிய சிந்தலுக்கும் வாளி காலி செய்வதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்கு நைட்ரைல் கையுறை. மெல்லிய லேடெக்ஸ் இதற்கு நல்ல தடுப்பு அல்ல. நைட்ரைலும் தெறித்து நனைந்தவுடன் மாற்ற வேண்டியது. அதே கையுறையோடு ஃபோனை எடுப்பது, கதவுக் கைப்பிடியைத் தொடுவது எல்லாம் அடுத்தவருக்கு வைக்கும் வேட்டு. கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி அவசியம், பவர் கண்ணாடி போதாது. கேன் பார்மலின் கண்ணில் தெறித்தால் உடனே குழாயடியில் இமையைப் பிரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவி, நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஆரம்பத்தில் லேசாகத் தெரியும் காயம் பிறகு கருவிழியில் பெரிதாகலாம், "எரிச்சல் போயிடுச்சு" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

பார்மலினோடு எதைக் கலக்கக் கூடாது என்பதும் முக்கியம். எலும்புத் துண்டில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுத்தும் லேப்கள் உண்டு. பார்மால்டிஹைடும் இந்த அமிலமும் சேர்ந்தால் பிஸ்-குளோரோமெத்தில் ஈதர் என்ற பொருள் உண்டாகும் வாய்ப்பு இருக்கிறது. அது மனிதர்களுக்கு நுரையீரல் புற்று உண்டாக்குவதாக நிரூபணமானது, மிகச் சிறிய அளவிலேயே ஆபத்தானது. அமிலத்தில் போடும் முன் எலும்பைத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், இரண்டின் கழிவையும் ஒரே கேனில் ஊற்றாதீர்கள். சிந்திய பார்மலின் மேல் பிளீச்சிங் கரைசலைக் கொட்டித் துடைப்பதும் வேண்டாம். அப்புறம் அந்தப் பழைய வழக்கம்: மூடிய அறையில் பார்மலினோடு பெர்மாங்கனேட் சேர்த்துப் புகை போடுவது. ஆபரேஷன் தியேட்டர்களில் நெடுங்காலம் நடந்தது, கோழிப்பண்ணைகளிலும் உண்டு. அந்த வினை சூடாகிக் கொப்பளித்து ஒரேயடியாக வாயுவை வெளியேற்றும். அதைச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

குழந்தை விஷயம். பின்லாந்தில் லேப் ஊழியர்களிடம் நடந்து 1994 இல் வெளியான ஆய்வில், வாரத்தில் மூன்று நாளோ அதற்கு மேலோ பார்மலினில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அதிகமாக இருந்தது. ஆனால் அதே ஆய்வில் சைலீன், டொலுவின் என்ற கரைப்பான்களும் அதே திசையில் காட்டின. பாத்தாலஜி லேபில் இவை எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும், ஆகவே எது காரணம் என்று பிரிப்பது கடினம். பிறவிக் குறைபாடு பற்றிய சான்று இதைவிட வலுக்குறைந்தது. இதை வைத்துப் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அலட்சியமாகவும் விட வேண்டாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் மாதங்களிலேயே, தெரிய வந்தபிறகு அல்ல, கிராஸிங்கிலிருந்து கட்டிங் (மெழுகில் பதித்த திசுவை மெல்லிசாகச் சீவுவது), ஸ்டெய்னிங் (அதற்குச் சாயம் ஏற்றுவது) அல்லது வேறு பிரிவுக்கு மாற்றிக் கேளுங்கள். ஸ்டெய்னிங்கில் சைலீன் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். மைக்ரோடோம் கருவியில் மெழுகு பிளாக் வெட்டும் அந்தக் கட்டிங் வேலை, கிராஸிங், ஸ்டெய்னிங் இரண்டையும்விட மேல். மகப்பேறு மருத்துவரிடம் வேலையைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மாஸ்டர் செக்கப் எடுக்கட்டுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பார்மால்டிஹைடு உடம்புக்குள் எவ்வளவு போனது என்று காட்டும் பயனுள்ள ரத்தப் பரிசோதனை கிடையாது. மேலே சொன்னபடி அது எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறது. ரத்தத்தில் புற்றின் அடையாளத்தைத் தேடும் 'டியூமர் மார்க்கர்' பேக்கேஜ்களுக்குக் காசைக் கொடுக்காதீர்கள். நுரையீரல் திறனை அளக்கும் ஒரு ஸ்பைரோமெட்ரி எடுத்து வைத்துக்கொண்டால் பிற்பாடு மூச்சுத் தொந்தரவு வந்தால் ஒப்பிட உதவும், அவ்வளவுதான். தினமும் பால் குடித்தால் முறிந்துவிடும், வெல்லம் சாப்பிட்டால் நெஞ்சைச் சுத்தம் செய்யும் என்று லேப்களில் வழிவழியாகச் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, பார்மால்டிஹைடு மூக்கில் உட்காருகிறது. குடிப்பதில் தப்பில்லை, அதை வைத்து ஃபேனை மறக்காத வரை. இதே போல, 2018 இல் கேரளத்தில் மீனில் பார்மலின் பிடிபட்டபோது பலர் என்னிடம் நாசித்தொண்டைப் புற்று வருமா என்று கேட்டார்கள். புற்றுநோய்ச் சான்றுகள் சுவாசிப்பதைப் பற்றியவை. மீனில் அதைத் தெளிப்பது குற்றம்தான், ஆனால் அது வேறு கணக்கு.

வேலையை விடலாமா? பார்மலினே இல்லாத பாத்தாலஜி லேப் உங்களுக்குக் கிடைக்காது. கிளையாக்ஸால் போன்ற மாற்றுகள் வந்திருக்கின்றன, ஆனால் மார்பகப் புற்றுக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்க உதவும் ஏற்பிச் (receptor) சோதனைகள் எல்லாம் 10 சதவீத பஃபர் பார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் ஊறிய திசுவை வைத்துத்தான் சரிபார்க்கப்பட்டிருக்கின்றன. திரவத்தை மாற்றினால் நோயாளியின் சிகிச்சை முடிவே மாறலாம். ஆகவே நான் வேலையை விடச் சொல்ல மாட்டேன், முதலில் அளக்கச் சொல்வேன். சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் வகை மானி இருக்கிறது. ஒரு ஷிஃப்ட் முழுக்க அணிந்து பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும். ஆன்லைனில் கிடைக்கும் மலிவான டிஜிட்டல் மீட்டரை நம்பாதீர்கள், அவற்றில் பல சானிடைசர் ஆல்கஹாலுக்கும் சைலீனுக்கும் சேர்த்தே எண் காட்டும், நம் லேபில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மருத்துவமனை தர அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருந்தால் உங்கள் கை ஓங்கும். ஆய்வுக்கு வருபவர்கள் ரசாயனப் பாதுகாப்பைக் கேட்பார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அப்போது எழுத்தில், தேதி போட்டு, ஃபேன் இடமாற்றமும் காற்று அளவீடும் கேளுங்கள். அளந்த பிறகும் எண் அதிகமாக இருந்து, ஆறு மாதத்தில் எதுவும் அசையவில்லை என்றால், அல்லது உங்களுக்கு ஆஸ்துமாவோ கையில் ஒவ்வாமையோ வந்துவிட்டால், அப்போது வேறு லேப் பாருங்கள். அதில் எனக்குத் தயக்கமில்லை.

இரண்டு விஷயம் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உயிர் போவது இங்கேதான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தண்ணீர் பாட்டிலில் ஸ்பெசிமன் அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது, மிச்சப் பார்மலினைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் உண்டு. கேன் பார்மலின் 30 மில்லி உள்ளே போனாலே ஒரு பெரிய ஆளைக் கொல்லலாம், பார்ப்பதற்கோ அது தண்ணீர் மாதிரியே இருக்கும். அப்படிப்பட்ட பாட்டில் வந்தால் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புங்கள், பெயர் ஒட்டிய அகன்ற வாய் டப்பாவில் மட்டும் வாங்குவோம் என்று தியேட்டருக்கு ஒரு சர்க்குலர் போடச் சொல்லுங்கள். மற்றொன்று, பழைய பார்மலினைச் சிங்க்கில் விடுவது. 2016 ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளில் கழிவு பார்மலின் மஞ்சள் வகையின் ரசாயனத் திரவக் கழிவில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. தனியாகச் சேகரித்து, முன்சுத்திகரிப்பு செய்த பிறகுதான் மற்றக் கழிவுநீரோடு சேரலாம். உங்கள் மருத்துவமனையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அதை நடத்துபவரிடம் பேசுங்கள். பார்மலின் மொத்தமாக வந்து விழுந்தால் அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துவிடும் என்பதால், அவரே உங்கள் பக்கம் நின்று நிர்வாகத்திடம் தனி கேன் கேட்பார்.